அம்மிச்சிக்கு ஒரு நினைவு மலர்: ஈரோட்டு அச்சகத்தின் ‘பேக்கேஜ்’ எப்படி?

கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் அடிக்கிற ஈரோட்டு அச்சகங்களில் இப்போது நினைவு மலரும் ஒரு ‘பேக்கேஜ்’ ஆகிவிட்டது. படங்களையும் நாலு வரி விவரத்தையும் கொடுத்தால் போதும், பத்து நாளில் புத்தகம் கைக்கு வரும் என்கிறார்கள். அப்படி ஓர் அச்சகம் செய்த வேலையைத்தான் இங்கே அலசுகிறோம். 88 வயது வரை வாழ்ந்த ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின் மலர், ஏ5 அளவு, 48 பக்கம், 250 பிரதி, முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திர ஆராதனையில் கொடுப்பதற்காக அடித்தது. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருப்பதால் கடையின் பெயர் வேண்டாம். விலையும் எழுதவில்லை, காகித விலை மாதத்துக்கு மாதம் ஆடுகிறது.

முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்கேன், காகிதம், அச்சு, பைண்டிங் நாலிலும் இவர்களைப் பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை. எழுத்து வேலையை மட்டும் இவர்கள் கையில் விட்டால், வருவது யாரோ ஒரு பாட்டியின் மலராக இருக்கும், உங்கள் வீட்டு அம்மிச்சியுடையதாக இருக்காது.

காரணம், கம்ப்யூட்டரில் இருக்கிற ரெடிமேட் வாசகம். ‘அன்பின் சிகரம், ஜெபமே சுவாசம், பாசத்தின் ஊற்று’ என்று ஒன்றரைப் பக்கம் ஓடும்; நடுவில் பெயர் வரும் இடம் மட்டும் காலி. முந்தின வேலையின் எச்சமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் புரூஃபில் (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தருகிற பிரதி) அட்டையின் இரு ஓரத்திலும் குத்துவிளக்கு எரிந்தது. உள்ளே ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றிருந்தது. சி.எஸ்.ஐ. வீடுகளில் எழுதுகிற வழக்கம் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று. கத்தோலிக்கர் ‘இறைவனில் இளைப்பாறினார்’ என்பார்கள், பெந்தெகொஸ்தே சபையார் ‘மகிமைக்குள் பிரவேசித்தார்’ என்பார்கள். கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற, அதாவது டிடிபி செய்கிற பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, ஆனால் கேட்டிருக்கலாம். ஆர்டர் ஃபாரத்தில் ‘மதம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, ‘சபை’ என்று ஒரு கட்டம் இல்லை.

உறவு முறையிலும் அதே கதைதான். குடும்ப மரத்தில் இரண்டு பக்கத்தையும் ‘பாட்டி’ என்றே போட்டுவிட்டார்கள். கொங்கு நாட்டில் அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் அம்மிச்சி. அவர்கள் வீட்டுக்காரர்கள் அப்பாரும் அப்புச்சியும். ‘பேரன் பேத்திகள்’ என்று மொத்தமாக அடித்தால் மகன் வயிற்றுப் பிள்ளைகளும் மகள் வயிற்றுப் பிள்ளைகளும் கலந்துவிடும். தனித்தனித் தலைப்பில் போடச் சொல்லுங்கள். (தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளை 2 தீமோத்தேயு 1:5 பெயர் சொல்லியே சொல்கிறது. அவர் அப்பத்தாவா அம்மிச்சியா என்று அந்த வசனத்தில் இல்லை. அவன் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16:1 சொல்வதை வைத்து அம்மிச்சி என்றே கொள்கிறார்கள். நம் வாசகர்கள் அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.)

இனி வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரி. ‘1936ஆம் ஆண்டு ஈரோடு மாவட்டம் தாராபுரத்தில் பிறந்து, அங்குள்ள சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்’ என்று புரூஃபில் இருந்தது. படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரே வரியில் மூன்று பிழை.

முதலாவது மாவட்டம். அன்றைக்குத் தாராபுரம் கோயம்புத்தூர் ஜில்லாவில் ஒரு தாலூகா. 1979ல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனது. அதுதான் பிறகு ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 2009ல் திருப்பூர் மாவட்டம் உண்டானபோது தாராபுரம் அங்கே போய்விட்டது. ஆக ‘ஈரோடு மாவட்டம்’ என்பது பிறந்த வருஷத்துக்கும் பொருந்தாது, இன்றைக்கும் பொருந்தாது. ‘அன்றைய கோயம்புத்தூர் ஜில்லா, தாராபுரம்’ என்பதே சரி. நாமக்கல்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 1997க்கு முன் அது சேலம் மாவட்டம்.

இரண்டாவது சபை. தென்னிந்தியத் திருச்சபை உண்டானது 1947 செப்டம்பர் 27 அன்று. அதற்கு முன் நடந்த எந்த ஞானஸ்நானமும் சி.எஸ்.ஐ. ஞானஸ்நானம் ஆகாது. தாராபுரம், கரூர்ப் பக்கம் மெதடிஸ்ட் மிஷன் வேலை செய்தது; ஈரோடு, கோவை, சேலம் லண்டன் மிஷன். தாராபுரத்தில் பிறந்து ஈரோட்டுக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், சபை மாறாமலே மெதடிஸ்ட், சி.எஸ்.ஐ. என்று இரண்டு பெயரைப் பார்த்திருப்பார். இதை இரண்டே வரியில் எழுதிவிடலாம். பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது வருஷம். வீட்டில் சொன்னது ‘தாது வருஷம் தை மாசம்’. கணக்குப் போட்ட பையன் தாதுக்கு நேரே 1936 என்று பார்த்து அதையே அடித்துவிட்டான். தாது வருஷம் 1936 சித்திரையில் தொடங்கி 1937 பங்குனியில் முடிகிறது. தை என்றால் 1937 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. தை, மாசி, பங்குனியில் பிறந்த எல்லாருக்கும் ஆங்கில வருஷத்தை ஒன்று கூட்டித்தான் போட வேண்டும். மார்கழியில் மட்டும் தேதி பார்த்து முடிவு செய்ய வேண்டும், பாதி டிசம்பரிலும் பாதி ஜனவரியிலும் விழுகிற மாசம் அது.

தேதிக்கு ஆதாரமாக எதைக் கொண்டுபோகலாம் என்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. அடுத்தது குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் கையால் எழுதியிருக்கும் பிறப்பு, விவாகக் குறிப்பு. அதற்கப்புறம் பள்ளிச் சான்று. ஆதார், வாக்காளர் அட்டையெல்லாம் கடைசியில்தான். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நாள் தெரியாதவர்களுக்கு வழக்கமாக விழுகிற தேதி அது. பதிவேட்டில் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும்; அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை எடுத்துவிடுவது சகஜம். கத்தோலிக்கப் பங்குகளின் பழைய பதிவேடு லத்தீனில் இருக்கலாம். ‘நாட்டா’ என்றால் பிறந்தவள், ‘பாப்டிசாட்டா’ என்றால் திருமுழுக்குப் பெற்றவள், ‘ஃபிலியா’ என்றால் மகள். இந்த மூன்று சொல் தெரிந்தால் எந்தத் தேதி எது என்று பிரித்துவிடலாம். இறந்த தேதியில் சிக்கல் வராது, 21 நாளுக்குள் பதிய வேண்டிய இறப்புச் சான்று கையில் இருக்கும். ஆனால் வயதை ஓரிடத்தில் ‘88 வயது’ என்றும் இன்னோரிடத்தில் ‘89ஆவது வயதில்’ என்றும் விட்டுவிடாதீர்கள். இரண்டும் சரிதான், சேர்த்துப் படிக்கிறவருக்குத்தான் குழம்பும்.

இவ்வளவு திட்டியாயிற்று. கடை எங்கே பேர் வாங்குகிறது என்றால், அம்மிச்சியின் வேதாகமத்தை ஸ்கேன் செய்த விதத்தில்.

வேதாகமத் தாள் மெல்லிசு. சாதாரணமாக ஸ்கேன் செய்தால் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாடி, அவர் கோடு போட்ட வசனமே படிக்க வராது. இங்கே ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். வெள்ளை அட்டை வைத்தால் வெளிச்சம் திருப்பி அடித்துப் பின்பக்க எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பு அதை விழுங்கிவிடும். புத்தகத்தை விரித்துக் கண்ணாடிமேல் கவிழ்த்து அமுக்குவதுமில்லை. ஸ்கேனரை மேசை ஓரத்தில் வைத்து ஒரு பாதியைக் கண்ணாடிமேலும் மறுபாதியைக் கீழே தொங்கலாகவும் விட்டுத் தாங்கிப் பிடிக்கிறார்கள். முதுகுத் தையல் பிய்ந்துபோன பழைய பிரதிக்கு இதுதான் ஒரே வழி. கிழிசலில் ஒட்டியிருந்த பழைய செல்லோடேப்பை ‘அழகாக்குகிறேன்’ என்று உரிக்கவும் இல்லை. உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

மங்கிப் பழுப்பேறிய பேனா மைக்கும் ஒரு கைவேலை வைத்திருக்கிறார்கள். கலரில் ஸ்கேன் செய்து, அதில் நீல அலைவரிசையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் பழுப்பு எழுத்து கறுத்துத் தெரிகிறது. நேராகக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்திருந்தால் இந்த வசதி கிடைக்காது. குடும்பக் குறிப்புப் பக்கத்தில், பிறந்த சில நாளில் இறந்துபோன குழந்தைகளின் பெயர்கள் இப்படித்தான் படிக்கக் கிடைத்தன. மலரின் 9ஆம் பக்கம் அது. மற்ற 47 பக்கத்தையும் விட அந்த ஒரு பக்கம் அம்மிச்சியைப் பற்றி அதிகம் சொல்கிறது.

வேதாகமத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். கூட உட்கார்ந்தே ஸ்கேன் முடித்துத் தருகிறார்கள். நாற்பது பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். போவதற்கு முன்பே எந்தப் பக்கங்கள் வேண்டும் என்று காகிதத் துண்டு செருகி வைத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட வசனம், ஓரத்தில் தேதி எழுதிய இடம், உள்ளே சொருகியிருக்கும் கல்யாணப் பத்திரிகை, அறுப்பின் பண்டிகை நோட்டீஸ், காய்ந்த குருத்தோலைச் சிலுவை எல்லாம் சேர்த்துத்தான். செருகியிருந்த பொருளை எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்தோடேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள். ரெடிமேட் வாசகத்தில் 2 தீமோத்தேயு 4:7 எல்லாருக்கும் பொதுவாக நிற்கும். அதை எடுத்துவிட்டு அவர் கோடு போட்ட வசனத்தைப் போடலாம், கோட்டோடேயே போடலாம்.

அவர் கையெழுத்தைத் தட்டச்சு செய்யக் கொடுத்தால் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் 1978ல் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் லை, னை, ளை, ணை நாலையும் யானைத் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள். றா, னா, ணா மூன்றுக்கும் தனி வடிவம். முப்பது வயதுக்குக் கீழ் இருக்கிற டிடிபிக்காரர்களுக்கு அது புரியாமல் போவதில் ஆச்சரியமில்லை. புரூஃபில் ‘அன்னை’ என்ற சொல் ‘அன்ன’ ஆகியிருந்தது. கையெழுத்தை வீட்டிலேயே படித்து யூனிகோடில் தட்டிக் கொடுத்துவிடுங்கள். கடை இன்னமும் பழைய ஃபாண்டில்தான் பக்கம் கட்டுகிறது. யூனிகோடிலிருந்து அதற்கு மாற்றும்போது ஸ, ஷ, ஜ, க்ஷ வருகிற சொற்கள் உடையும், ஔகாரம் கெடும். வேதாகமத் தமிழில் ‘ஸ்திரீ’, ‘சௌந்தரியம்’, ‘வருஷம்’ நிறைய உண்டே! மாற்றி முடிந்ததும் இந்தச் சொற்களை மட்டும் தேடிப் பார்த்தால் பாதிப் பிழை அகப்பட்டுவிடும். கத்தோலிக்க வீடாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய செபப் புத்தகத்தில் ‘22ஆம் சங்கீதம்’ என்று இருப்பது இப்போதைய எண்ணில் 23, அந்த ஆயன் சங்கீதம். எண்ணை மட்டும் பார்த்து வாசகத்தை எடுத்து ஒட்டினால், சிலுவையில் கதறிய சங்கீதம் வந்து நிற்கும். ஆராதனைப் பாட்டுப் புத்தகமான பாமாலையின் பாட்டுக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், முதலடியையும் அடித்துவிடுங்கள்.

படங்கள். மூன்றரை சென்டிமீட்டர் அகலப் பாஸ்போர்ட் படத்தை ஏ5 பக்கம் முழுக்க நிரப்ப நாலு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி தேவை. ஆகவே ஸ்கேன் 1200க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் 300ல் எடுத்துவிடுவார்கள். போஸ்ட் கார்டு அளவுப் படத்துக்கு 600 தாராளம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட பழைய ஸ்டுடியோ படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம்.

ஏஐ வைத்து முகத்தைத் துலக்கித் தருவது பேக்கேஜில் இலவசம். இலவசம் என்றாலும் வேண்டாம். கன்னத்துச் சுருக்கமெல்லாம் போய், பொட்டே வைக்காத நெற்றியில் ஒரு பொட்டு முளைத்தது. பின்னணியைத் தானாக நீக்குகிற வசதியும் வெள்ளைச் சேலை கட்டிய, தலை நரைத்த ஒருவருக்கு ஆகாது. வெள்ளைச் சுவரையும் முக்காட்டையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கீறல், தூசி மட்டும் நீக்கச் சொல்லுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ‘கிரேஸ்கேல்’ ஆக மாற்றித்தான் அச்சுக்கு விட வேண்டும். நாலு மையில் அடித்தால் முகம் பச்சையாகவோ ரோஸாகவோ சாயம் பூசிக்கொள்ளும்.

காகிதத்தில் கடையின் யோசனையையே கேட்கலாம். எழுத்துக்கு 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ, படப் பக்கத்துக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டும் மேட் லேமினேஷனும். 48 பக்கத்துக்கு நடு மடிப்பில் பின் அடிக்கிற சென்டர் பின்தான் சரி. பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 50 பக்கம் எழுதிக் கொடுத்தால் 52 ஆக்கி இரண்டு வெற்றுப் பக்கம் விடுவார்கள். 64ஐத் தாண்டினால் நடுப் பக்கங்கள் வெளியே பிதுங்கும், ஓரம் வெட்டும்போது படக் குறிப்பின் கடைசி எழுத்து போய்விடும். முதுகு ஒட்டிய பெர்ஃபெக்ட் பைண்டிங் வேண்டுமானால் எண்பது பக்கமாவது இருக்கட்டும். 250 பிரதிக்கு டிஜிட்டல் போதும். ஐந்நூறுக்கு மேல்தான் ஆஃப்செட்டில் பிளேட் செலவு கட்டுப்படியாகும். வீட்டுக்கு ஒரு பிரதி என்று கணக்கிடுங்கள்; ஆளுக்கு ஒன்று என்று அடித்தால் பாதி பரணில்தான் கிடக்கும்.

கியூஆர் கோடு வைத்து அம்மிச்சியின் குரலைக் கேட்கச் செய்வது நல்ல யோசனை. செல்போனில் பதிந்திருந்த ஜெபம், ‘சாமி, சாப்பிட்டியா கண்ணு’ என்று கேட்கிற பத்து விநாடி, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் கடை அதைத் தன் கணக்கில் ஏற்றி ஒரு வருஷம் மட்டும் வைத்திருக்கிறது. உங்கள் கணக்கில் ஏற்றிய இணைப்பைக் கொடுங்கள், கோடும் காலாவதியாகாத நிலையான வகையாக இருக்கட்டும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் அச்சாக வேண்டும்.

பேக்கேஜோடு கல்லறைக் கல்லையும் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். அது இவர்கள் தொழில் இல்லை. கறுப்பு கிரானைட்டில் லேசரில் பொறித்து அனுப்புகிறார்கள். லேசர் மேல் பளபளப்பைத்தான் வெளுக்க வைக்கும், எழுத்துக்கு ஆழம் இருக்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் வெட்டித் தருகிற கல் பட்டறைக்கு நேராகப் போய்விடுவது மேல். எப்படியும் குழி மூடின மண் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து அமர்ந்த பிறகுதான் கல் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் இறங்கிக் கல் விரியும். ஆலயக் கமிட்டியின் எழுத்து மூலமான அனுமதியை அதற்குள் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கட்டு வந்ததும் ஆராதனை நாள் வரை பிரிக்காமல் வைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு பிரதி எடுத்துக் கடைசி வரை புரட்டிப் பாருங்கள். இந்த 250ல் ஆறு பிரதியில் நடுத் தாள் தலைகீழாக இருந்தது. மறு பேச்சில்லாமல் மறுநாளே மாற்றிக் கொடுத்தார்கள். பிடிஎஃப்போடு ஸ்கேன் செய்த மூலக் கோப்புகளையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் மூன்று மாதத்தில் அழித்துவிடுகிறார்கள்.